14,500 ரூபாய் ‘அனலாக்’ டிலேக்குள் மைக்செட் எக்கோ: ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறவர்கள் கவனத்துக்கு

‘அனலாக்’ என்று சொல்லி வேறு எதிரொலிப் பெட்டியை என் தலையில் கட்டிய கடையின் பெயரைக் கேட்டு யாரும் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம். விவகாரம் இன்னும் முடியவில்லை, அதனால் பெயர் போடமாட்டேன். கோயமுத்தூரில் ஒரு இசைக்கருவிக் கடை, அந்த அளவு போதும்.

எனக்குக் கணபதியில் லேத் பட்டறை. பம்ப்செட் உதிரிபாகம் கடைகிற வேலை. சனி, ஞாயிறு, முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழுவில் ஹவாயன் கிட்டார். மடியில் வைத்து இரும்பு பாரைத் தேய்த்து வாசிக்கிற ஆறு கம்பிக் கருவி, பழைய பாட்டுகளில் இழுத்து இழுத்து அழுமே, அதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் தங்கச்சி மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வரும்போது ஒரு பழைய பெடல் ஸ்டீலைக் கொண்டுவந்து கொடுத்தார். பத்துக் கம்பி, நாலு கால், காலுக்கு மூன்று பெடல், முழங்காலில் தள்ள நாலு லீவர். ஒரு பெடலை மிதித்தால் பி கம்பிகள் சி ஷார்ப்புக்கு ஏறும். பக்கத்துப் பெடல் ஜி ஷார்ப்பை ஏ-வுக்கு ஏற்றும். கீழே கவிழ்த்துப் பார்த்தால் கம்பியும் கிராங்கும் ஸ்பிரிங்குமாகத் தறி மாதிரி இருக்கும். உடைந்திருந்த இரண்டு கிராங்கை நானே அலுமினியத்தில் கடைந்து போட்டேன். அந்த மட்டில் எனக்குப் பயமில்லை. பயம் எல்லாம் கருவியை விட்டு வெளியே போகிற வயரில் ஆரம்பித்தது.

(குழப்பம் வேண்டாம் என்று ஒன்று சொல்லிவிடுகிறேன். காலால் மிதிக்கிற எஃபெக்ட்டையும் ‘பெடல்’ என்றுதான் சொல்கிறார்கள். இங்கே அதைப் பெட்டி என்றே எழுதுகிறேன்.)

ஸ்டீல் கிட்டார் வெறும் ஆம்ப்பில் வறட்சியாகக் கேட்கும். கம்பியைத் தட்டுகிற ‘டக்’ சத்தத்தை வால்யூம் பெடலால் மறைத்து, சுரம் மெல்ல எழும்பி வருவதுபோல வாசிக்கிறோம். அந்தச் சுரம் நின்ற பிறகு பின்னால் மெல்லிய நிழல் ஒன்று வேண்டும். அதற்குத்தான் டிலேயும் (வாசித்த சுரத்தைச் சற்றுத் தள்ளி எதிரொலியாகத் திருப்பித் தருவது) ரிவர்ப்பும் (பெரிய அறைக்குள் வாசித்தது போன்ற முழக்கம் தருவது). ஆனால் சாதாரணக் கிட்டாருக்கு நன்றாக இருக்கிற டிலே எல்லாம் ஸ்டீலுக்கு ஒத்துவராது. நமக்குச் சுரத்தை நிறுத்துகிற கட்டை (ஃபிரெட்) கிடையாது. பார் வழுக்கிக்கொண்டே போகிறது. திரும்பி வருகிற எதிரொலி பழைய சுரத்திலேயே நிற்கும், நாம் அதற்குள் அடுத்த சுரத்துக்குப் போயிருப்போம். நாலைந்து முறை திரும்பினால் சந்தைக்கடைதான். ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அதுவும் கேட்டும் கேட்காமலும். இன்னொன்று, சில பெட்டிகளில் எதிரொலியை லேசாக ஆட்டிவிடுகிற வசதி இருக்கும். கிட்டார்க்காரருக்கு அது இனிமை. நமக்கு விஷம். சுருதியைக் காதால் பிடிக்கிறவனுக்கு எதிரொலியே ஆடினால் எதைப் பிடிப்பது?

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் கடைக்குப் போனேன். தெரிந்தும் ஏமாந்தேன், அதுதான் எரிச்சல்.

நான் கேட்டது பக்கெட் பிரிகேட் வகை அனலாக் டிலே, அதாவது சத்தத்தை எண்ணாக்காமல் மின்சாரமாகவே கடத்துகிற பெட்டி. 1969-இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் கண்டுபிடித்த முறை. வீட்டுக்குத் தளம் போடும்போது ஆட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கை மாற்றுவார்களே, அதே வேலை. சில்லுக்குள் ஆயிரக்கணக்கான குட்டி மின்தேக்கிகள் வரிசையாக நிற்கும். சத்தம் ஒரு சட்டியிலிருந்து அடுத்த சட்டிக்குக் கைமாறி, கடைசி ஆளிடம் வந்து சேர்கிற நேரம்தான் டிலே. எம்என்3005 என்ற பழைய சில்லில் 4,096 படி. கைமாறும்போது கொஞ்சம் சிந்துகிற மாதிரி, மேல் சத்தத்தின் கூர்மை குறைந்துவிடும். அந்த மங்கல்தான் ஸ்டீலுக்கு அழகு. எதிரொலி வாசிப்பின் மேல் ஏறி நிற்காமல் பின்னால் படுத்துக்கொள்ளும்.

கடைப் பையன் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தான். மேலே ‘அனலாக்’ என்று கொட்டை எழுத்து, நேரக் குமிழுக்குப் பக்கத்தில் 600 மில்லி செகண்ட்.

“பக்கெட் பிரிகேட் தானா தம்பி?”

“அதேதானுங்ணா. பழைய சில்லு, இப்பெல்லாம் கிடைக்கறதேயில்லீங்க. அதான் வெலை.”

14,500. கூடவே ஒரு ரிவர்ப் பெட்டி 9,000. என் கருவியைக் கொண்டுவந்து போட்டுப் பார்க்கட்டுமா என்றேன். இடமில்லை என்றான். அவனே ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரை எடுத்து, நேரத்தைக் குறைவாக வைத்து, வேகமாக நாலு மீட்டு மீட்டினான். நன்றாகத்தான் இருந்தது. வால்யூம் பெடலை எங்கே போடுவது என்று கேட்டதற்கு, “எப்படிப் போட்டாலும் ஒண்ணுதானுங்ணா” என்றான். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். வால்யூம் பெடலை டிலேக்கு முன்னால் போட்டால், காலைத் தூக்கிய பிறகும் எதிரொலி தானாக அடங்கும். பின்னால் போட்டால் அதுவும் சேர்ந்து வெட்டுப்படும். இரண்டும் ஒன்றே இல்லை.

அடுத்தது என் சொந்தத் தப்பு. பில் கேட்டேன். “ஜி.எஸ்.டி. போட்டா 18 பர்சென்ட் சேருமுங்ணா, சீட்டு குடுத்துர்றேன், ஒண்ணும் ஆவாது” என்றான். 23,500-க்கு 4,230 ரூபாய். மனசு கணக்குப் போட்டது. துண்டுச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். பேனாவால் ‘டிலே 1, ரிவர்ப் 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. கம்பெனி பெயர்கூட இல்லை.

வந்த வாரமே கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. நிமிடத்துக்கு 75 தாளத்தில் ஒரு பழைய மெல்லிசைப் பாட்டு, நடுவில் எட்டுப் பார் (தாளச் சுற்று) எனக்கு. 60,000-ஐ 75-ஆல் வகுத்தால் 800 மில்லி செகண்ட் ஒரு தாளம், அதில் பாதி 400. குமிழை 400-க்குத் திருப்பி வைத்தேன். முதல் நீளமான சுரம் எழும்பியது. பின்னால் நிழல் வரவில்லை; கரகரவென்று ஒரு இரைச்சல் வந்தது, தூரத்து ஸ்டேஷனைப் பிடித்த பழைய டிரான்சிஸ்டர் மாதிரி. அடுத்த சுரத்தில் மேல்சத்தமே இல்லை. கம்பளியைப் போர்த்தி வாசித்தது போல இருந்தது. கடையில் ஒரே அடாப்டரில் வால் பிரித்து இரண்டு பெட்டிக்கும் கொடுத்திருந்தார்கள். அது வேறு மேலே ‘ங்ஙீ’ என்று கூவியது. டிஜிட்டல் பெட்டியின் கடிகாரச் சத்தம் (சில்லின் வேகத்தை நடத்துகிற மின்துடிப்பு) அந்த வால் வழியாக மற்றதில் ஏறுகிறது என்பதை வீட்டுக்கு வந்தபின் தனித்தனி அடாப்டர் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பாடகி திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. எட்டுப் பாரில் மூன்றாவதிலேயே இரண்டு பெட்டியையும் காலால் அணைத்துவிட்டு வறட்டு வறட்டென்று வாசித்து முடித்தேன்.

அணைத்த பிறகு ஒன்று புரிந்தது. அந்த மண்டபத்துக்கு ரிவர்ப்பே தேவையில்லை. தகரக் கூரை, மார்பிள் தரை, பின்சுவர் ஒரு முப்பது மீட்டர் தள்ளி. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகும். போய்த் திரும்ப அறுபது மீட்டர் என்றால் 170 மில்லி செகண்டுக்கு மேல் எதிரொலி இலவசம். அதன் மேல் நானும் பெட்டியைப் போட்டு ‘ஹால்’ என்று வைத்திருந்தேன். இதில் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

மறுநாள் பட்டறையில் நாலு திருகைக் கழற்றினேன். உள்ளே பதினாறு கால் சில்லு ஒன்று, பக்கத்தில் ஐந்து வோல்ட் கொடுக்கிற 78எல்05. சில்லின் முதுகை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். ஆனால் தேய்த்தவனுக்குச் சோம்பல். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பிடி2399 என்று படிக்க முடிந்தது.

மைக்செட் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார்கள். கரோக்கே எக்கோ சில்லு. உள்ளூர் ஆம்ப்ளிஃபயர்களில் ‘எக்கோ’ குமிழுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். நூறு ரூபாய் கொடுத்தால் மீதி சில்லறை வரும். சட்டி கைமாற்றுகிற கதையே இதில் கிடையாது. சத்தத்தை எண்ணாக்கி நினைவகத்தில் எழுதிவைத்துப் பிறகு படிக்கிற டிஜிட்டல் சில்லு. சுமார் 340 மில்லி செகண்ட் வரை மரியாதையாக ஓடும். அதற்கு மேல் இழுத்தால் கடிகாரத்தை மெதுவாக்கித்தான் இழுக்க வேண்டும், இரைச்சலும் சிதைவும் ஏறும். நான் வைத்தது 400. கடைப் பையன் ஏன் நேரத்தைக் குறைத்து வைத்து வாசித்துக் காட்டினான் என்பது அப்போதுதான் உறைத்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: பிடி2399 கெட்ட சில்லு அல்ல. அதை வைத்து நல்ல டிலே செய்கிறவர்கள் இருக்கிறார்கள், செய்ததைச் சொல்லியும் விற்கிறார்கள். எண்ணைத் தேய்த்து அழித்து, அனலாக் என்று அச்சடித்து, பழைய சில்லு விலைக்கு விற்றதுதான் மோசடி. உண்மையான பக்கெட் பிரிகேட் பலகையில் சில்லு தனியாக நிற்காது, பெரும்பாலும் கூடவே கடிகாரச் சில்லு ஒன்று இருக்கும். சில்லின் எண் 3205 அல்லது 3207 என்றால் பக்கத்தில் 3102 இருக்கிறதா என்று பாருங்கள். 3005, 3007, 3008 என்றால் 3101. பின்மூடியைத் திறந்து காட்ட மறுக்கிற கடையில் ‘அனலாக்’ என்ற சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

கம்பளி போர்த்திய சத்தத்துக்கு வேறு காரணம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப்பில், பெடல் ஸ்டீலுக்குக் கம்பிச் சுற்று அதிகம். என்னுடையதை மீட்டரில் வைத்தால் 17 கிலோ ஓம் காட்டுகிறது. கடைப் பையன் வாசித்துக் காட்டிய கிட்டார் வகையில் ஆறு, ஏழுதான் வரும். இப்படிப்பட்ட பிக்கப்பை, உள்நுழைவு மின்தடை குறைவான மலிவுப் பெட்டியில் செருகினால் மேல்சத்தம் செத்துவிடும். நல்ல பெட்டியில் அது பத்து லட்சம் ஓம் அளவுக்கு இருக்கும். கடையில் இதைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம். உங்கள் கருவி, உங்கள் வால்யூம் பெடல், பாதி மிதி. எதிரொலியைச் சுழியில் வைத்து, பெட்டி வழியாக ஒரு தடவை, பெட்டியில்லாமல் ஒரு தடவை. மங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் நேரக் குமிழைக் கடைசி வரை திருப்பி, ஒரே ஒரு நீளச் சுரம் வாசித்துக் கம்பியை அமுக்கிவிட்டு, எதிரொலியை மட்டும் கேளுங்கள். இரைச்சல் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ரிவர்ப் பெட்டி கதை சின்னது. புதுசு என்று விற்றது பழையது. அடியில் வெல்க்ரோ பசையை தின்னர் போட்டுத் துடைத்திருந்தார்கள். தினமும் தின்னர் மோந்து பார்க்கிற மூக்கு என்னுடையது, கடையில் ஏசிக் குளிரில் ஏமாந்துவிட்டது.

திரும்பக் கொண்டுபோனேன். முதலில் பையன், “நீங்க வெச்சிருக்கற சாமானமே வேறைங்ணா, இது கிட்டாருக்கு” என்றான். பிறகு முதலாளி வந்தார். “ஏனுங்க, எல்லா எக்கோவும் ஒண்ணுதானுங்க. அதுமில்லாம பெட்டியத் தெறந்துட்டீங்களே” என்றார். சில்லைக் காட்டினேன். அவர் சில்லைப் பார்க்கவில்லை, என் துண்டுச் சீட்டைப் பார்த்தார். “இதுல எங்க கடை பேரே இல்லீங்களே.” கடைசியில் சமாதானமாக ஒரு கிட்டார் தோள்வாரை எடுத்து நீட்டினார். நாலு காலில் நிற்கிற கருவிக்குத் தோள்வார்!

நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை உள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்தேன், என்னென்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள் என்று பொறுமையாகக் கேட்டார்கள். நல்லவேளை, பணத்தை கூகுள் பேயில் அனுப்பியிருந்தேன். பையன் விலை பேசிய வாட்ஸ்அப் செய்தியும் இருக்கிறது, அதில் ‘ஒரிஜினல் அனலாக்ணா’ என்று அவனே எழுதியிருக்கிறான். கடைக்குப் பதிவுத் தபால் போட்டாகிவிட்டது. பதில் வரவில்லை.

இப்போது என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். குன்னூர்ப் பக்கம் சர்ச்சில் வாசிக்கிற ஒரு பையனிடம் பழைய பாஸ் டிடி-3 வாங்கினேன். 1986-இல் வந்த மாடல், டிஜிட்டல் என்று முகத்திலேயே எழுதியிருக்கிற நேர்மையான பெட்டி, 800 மில்லி செகண்ட் வரை போகும். வண்டியில் ஸ்டீலை ஏற்றிக்கொண்டு மலையேறி, அவன் வீட்டுத் திண்ணையில் நாலு காலையும் மாட்டி, அரை மணி நேரம் வாசித்துப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன். அவன் அம்மா இரண்டு தடவை காபி கொடுத்துவிட்டார்கள். நேரம் 380-இலிருந்து 400, திரும்புவது இரண்டு, அளவு குமிழின் கோட்டைக் கடிகார முள்ளாக நினைத்தால் ஒன்பது மணிக்கும் கீழே. போட்டிருப்பது தெரியாது, அணைத்தால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். ரிவர்ப்பை வீட்டில் மட்டும்.

அந்த ‘அனலாக்’ பெட்டி வழக்குக்கு வேண்டும் என்பதால் விற்கவில்லை. நடுவில் ஒரே ஒரு நாள் சித்தப்பா ஊர் மாரியம்மன் நோம்பிக்கு எடுத்துப்போனேன், மைக்செட்காரர் எக்கோ பலகை புகைந்துவிட்டது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நேரத்தை 200-இல் வைத்து மாட்டிக் கொடுத்தேன். வள்ளி கும்மிப் பாட்டு வாத்தியார் குரல் மூன்று தெருவுக்குக் கணீரென்று போனது. “ஏனுங்க, எங்க வாங்கினது, அருமையா இருக்குதே” என்றார் மைக்செட்காரர். விலையைச் சொன்னேன். மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார்.