கிப்பரின் குளிரில் கேமரா பிடிக்க: விரல் கையுறையா, மிட்டனா?

இமாச்சலத்தின் ஸ்பித்திப் பள்ளத்தாக்கிலுள்ள கிப்பருக்குக் குளிர்காலத்தில் பனிச்சிறுத்தையைப் படமெடுக்கச் செல்பவர்கள் உடலுக்கு எதை அணிவது என்பதில் அதிகம் தடுமாறுவதில்லை. பருத்தியைத் தவிர்த்து மெரினோ கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேலாக இறகு அடைத்த ஜாக்கெட் என்னும் அடுக்குமுறை பலரும் அறிந்ததே. ஆனால் ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்தில், அதிகாலையில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும் குளிரில், மலைச்சரிவைப் பார்த்தபடி மணிக்கணக்கில் அசையாமல் இருக்கும்போது முதலில் மரத்துப்போவது விரல்கள்தாம்.

ஐந்து விரல்களுக்கும் தனித்தனி இடமுள்ள தடித்த கையுறை, நடக்கவும் ஊன்றுகோல் பிடிக்கவும் வசதியானது; காத்திருப்பைவிட நடை அதிகமென்றால் அதுவே போதும். கட்டைவிரலை மட்டும் பிரித்து மற்ற நான்கையும் ஒரே பைக்குள் வைக்கும் மிட்டன், அந்த விரல்களின் சூட்டை ஒன்றோடொன்று பகிரவிடுகிறது. மெல்லிய உள்ளுறையின் மேல், முன்பகுதியை மடித்துத் திறக்கக்கூடிய மிட்டனை அணிவதையே நான் தேர்ந்தெடுத்தேன்.

கையைத் திரும்ப உறைக்குள் கொண்டுசெல்வது எவ்வளவு எளிது என்பதே இத்தேர்வின் உயிர்நாடி. குளிரைத் தாங்கும் அளவுக்குத் தடித்த விரல் கையுறையில் ஃபோகஸ் செய்ய ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்துவது விரலுக்குத் தெரிவதில்லை என்பதால், எப்படியும் அதைக் கழற்ற வேண்டியிருக்கும். அதன்பின் மரத்த ஐந்து விரல்களையும் அவற்றின் குழல்களுக்குள் ஒவ்வொன்றாக நுழைப்பது, நடுங்கும் கையால் ஊசியில் நூல் கோர்ப்பதைப் போன்றது. மிட்டனிலோ உள்ளுறையோடு விரலை வெளியே எடுத்துப் படமெடுத்துவிட்டு, மறுநொடியே பைக்குள் இழுத்துக்கொள்ளலாம். சூடூட்டும் பொட்டலத்தை விரல் நுனிகளுக்கு அருகிலேயே வைக்கவும் அதில் இடமுண்டு. பொட்டலத்திலுள்ள இரும்புத்தூள் ஆக்சிஜனோடு வினைபுரிந்துதான் சூடாகிறது என்பதால், காற்று மெலிந்த உயரத்தில் அவ்வப்போது வெளியே எடுத்துக் குலுக்க வேண்டும்.

இடைவிடாமல் ஃபோகஸ் வளையத்தைத் திருகும் காணொளிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு மாறக்கூடும்; நான் காணொளி எடுப்பது அரிது என்பதால் அதில் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

மிட்டனை ஓர் அளவு பெரிதாகவே வாங்குங்கள். இறுக்கமான உறை இரத்த ஓட்டத்தைத் தடுத்து, சூட்டைக் காக்கும் காற்றையும் பிதுக்கி வெளியேற்றிவிடும். உள்ளுறை மட்டும் இரண்டு சோடி இருக்கட்டும்: ஈரமானதை, மாற்று பேட்டரிகள் இருக்கும் ஜாக்கெட்டின் உள்பையிலேயே உடற்சூட்டில் காயவிடலாம்.