இருக்கிற ரைஃபிளையே புதுசாக்கித் தருகிறேன் என்றவரிடம் 84,500 ரூபாய் ஏமாந்தேன். பிள்ளைகளைத் துப்பாக்கி சுடுதலுக்கு அனுப்பும் பெற்றோர் படியுங்கள்

நேற்று போட்டி முடிந்து மகளைக் கூட்டிக்கொண்டு அம்பத்தூர் வந்து சேரும் வரை வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு ராத்திரி தூக்கமில்லை. 84,500 ரூபாய் போய்விட்டது, அதைவிட அவளுடைய ஒரு சீசன் போய்விட்டது. பெயரைப் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லிவிட்டார், அதனால் ஆள் எப்படிப்பட்டவர் என்று மட்டும் சொல்கிறேன். இணையத்தில் பக்கம் வைத்து, ஏர் ரைஃபிள் சர்வீஸ், அப்கிரேட் என்று படம் படமாகப் போட்டு, வீட்டு மாடியில் பட்டறை நடத்துகிறவர். இந்த வகை ஆட்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற செய்தியைப் பேப்பரில் இருந்து வெட்டி என் மகள் பீரோவில் ஒட்டினாள். அங்கே ஆரம்பித்தது. இரண்டு வருடம் கிளப் ரைஃபிளில் சுட்டாள். அப்புறம் ஒரு சீனியர் பையனிடம் இருந்து மர ஸ்டாக் (தோளிலும் கன்னத்திலும் சாய்த்துப் பிடிக்கும் கட்டை) வைத்த பழைய ஃபைன்வெர்க்பாவ் 700 என்ற ஜெர்மன் ரைஃபிளை வாங்கிக் கொடுத்தேன். 10 மீட்டரில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. 60 குண்டு, தசமப் புள்ளியோடு ஒன்றுக்கு அதிகபட்சம் 10.9, மொத்தம் 654. இவள் 608-இல் இருந்து 617 வரை வந்தாள், அங்கேயே நின்றுவிட்டாள். கோச் சார் அப்போதே சொன்னார், "ரைஃபிள்ல குறை இல்ல சார், உடம்பு வளருது, ஸ்டாக் அளவை மாத்தி வைக்கணும், அவ்வளவுதான்." நான்தான் கேட்கவில்லை. கூடச் சுடும் பிள்ளைகள் கையில் புது அலுமினிய ரைஃபிளைப் பார்க்கும்போது ஒரு அப்பனுக்கு மனசு என்ன பாடுபடும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

புதுசு வாங்க விசாரித்தால் எனக்குச் சொன்ன விலை மூன்று லட்சத்துக்கு மேல். ஒன்றரை லட்சம் ஏலச்சீட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்து, இன்னொரு சீட்டும் போட்டால் இரண்டு வருடத்தில் வாங்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்த நேரத்தில்தான் இவர் பக்கம் கண்ணில் பட்டது. போன் செய்தேன். "மூணு லட்சம் எதுக்கு சார் கொட்டணும்? உங்ககிட்ட இருக்கிற ஆக்‌ஷன் அருமையான ஆக்‌ஷன். பேரல், ஸ்டாக், சிலிண்டர் மாத்திட்டா புது ரைஃபிள்தான்" என்றார். ஆக்‌ஷன் என்றால் ட்ரிகரும் குண்டு போடும் அமைப்பும் சேர்ந்த நடுப்பகுதி, சிலிண்டர் என்றால் சுடுவதற்கான காற்றை அடைத்து வைக்கும் குழாய். பேரல் 38,000, அலுமினிய ஸ்டாக் 24,000, புது சிலிண்டர் 16,500, காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரும் சீல்களும் 6,000. ஆக மொத்தம் 84,500. சீட்டைக் கழிவு விட்டு முன்னாலேயே எடுத்தேன். அந்தக் கழிவில் போனது தனி.

நம்பியது எப்படி என்று சொல்லியே ஆக வேண்டும். நான் தொழிற்பேட்டையில் 22 வருடம் லேத்தில் நின்றவன், இரும்பைப் பற்றி யாரும் எனக்குக் கதை விட முடியாது. அந்த மாடிக்குப் போனால் பட்டறை அவ்வளவு சுத்தம். டூல் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். தம்பி என்று கூப்பிட்டேன், அவர் அண்ணே என்றார். டயல் கேஜை எடுத்து என் கையில் கொடுத்து "நீங்களே பாருங்கண்ணே" என்றார். மைக்ரான், ஹோனிங், ரன்-அவுட் என்று நான் தினமும் பேசுகிற பாஷையைப் பேசினார். அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். வேலை முடிந்த நாளில் ரைஃபிளை வைஸில் இறுக்கி என் கண் முன்னால் 10 மீட்டரில் ஐந்து குண்டு போட்டார். அட்டையில் ஒரே ஓட்டை, வெளி விளிம்பில் இருந்து அளந்தால் 6 மில்லிமீட்டருக்குள். "பேரல் எப்படிண்ணே?" என்று சிரித்தார். பாக்கிப் பணத்தை அங்கேயே நின்று அனுப்பினேன். 50,000 முன்னாலேயே போயிருந்தது, அன்றைக்கு 34,500. பில் கேட்டேன். "வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்ணே" என்றார். இன்று வரை வரவில்லை. என்னிடம் இருப்பது பேனாவில் எழுதிய ஒரு எஸ்டிமேட் சீட்டு.

இரண்டு வாரம் என்று சொன்ன வேலைக்கு ஏழு வாரம் ஆகியிருந்தது. அவ்வளவு நாளும் அவள் மறுபடி கிளப் ரைஃபிளில் சுட்டாள். ரைஃபிள் வந்த பிறகு போட்டிக்கு இருந்தது எட்டே நாள். ராத்திரி சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்று நிரப்பி வைத்தால் காலையில் முள் 130-இல் நிற்கும். திடீர் திடீரென்று ஒரு குண்டு கீழே இறங்கி 8 புள்ளிக்குப் போகும். போன் செய்தால் "புது சீல் செட் ஆகணும்ணே, ஐந்நூறு ஷாட் போகட்டும்" என்றார். அதையும் நம்பினேன்.

நேற்று உபகரணம் சரிபார்க்கும் மேஜையில் ரைஃபிளை எடை போட்டார்கள். 5.66 கிலோ. 5.5-க்கு மேல் போகக் கூடாது என்பது இந்தப் போட்டிக்குச் சுட ஆரம்பிக்கிற பிள்ளைக்கே தெரிந்த விதி. அப்புறம் சரிபார்த்துக்கொண்டிருந்த அதிகாரி அம்மா சிலிண்டரைத் திருப்பினார். அதன் மேல் இந்த ஆளுடைய பட்டறை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் கிளப்பினார். அடியில் தயாரித்த தேதி, 03/2012. ஏர் சிலிண்டருக்குப் பத்து வருடம்தான் ஆயுசு, அதற்கு மேல் போட்டியில் அனுமதி கிடையாது. புது சிலிண்டர் என்று 16,500 வாங்கினாரே, அது காலாவதியான சிலிண்டர்! எங்கள் பழைய சிலிண்டர் 2018 தேதி, 2028 வரை ஓடியிருக்கும். "எக்ஸ்சேஞ்ச்" என்று சொல்லி அதை அவர் எடுத்து வைத்துக்கொண்டார்.

கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். இதில் 200 பார். அதை என் பிள்ளை தாடையில் சாய்த்து, முகத்துக்கு ஒரு முழத்தில் வைத்துக்கொண்டு எட்டு நாள் சுட்டிருக்கிறாள். பணத்தை விடுங்கள், இதை நினைத்தால்தான் கை நடுங்குகிறது.

கடைசி நேரத்தில் யாரோ ஒரு ரைஃபிளைக் கொடுத்து உதவினார்கள், பழக்கமில்லாத ஸ்டாக், 596.8 சுட்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து ரைஃபிளைக் கழற்றினேன். பேரல் முனைக்குப் பக்கத்தில், ஒரு தடவை ஸ்டாண்டில் இடித்து விழுந்த கீறல் ஒன்று உண்டு. மேலே போட்டிருந்த புதுக் குழாய் உறையை உருவினால் அந்தக் கீறல் அப்படியே இருக்கிறது. பேரல் மாறவே இல்லை. 38,000! ரைஃபிள் வாங்கியபோது கோச் சார் இதே மாதிரி வைஸில் வைத்துச் சுட்ட அட்டை ஃபைலில் இருந்தது. இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஓட்டை ஒரே அளவு. மேட்ச் ரைஃபிள் பேரல் பழசானாலும் வைஸில் வைத்தால் ஒரே ஓட்டைதான் போடும், குண்டுக்கும் பேரலுக்கும் ஒத்துப்போனால் போதும். அந்தச் சோதனை பேரல் புதுசு என்பதைக் காட்டவே காட்டாது. எனக்கு இது தெரியவில்லை, அவருக்கு நன்றாகத் தெரியும். ஸ்டாக்கில் கன்னப்பட்டைத் திருகின் மரை இப்போதே வழுக்குகிறது. ஜெர்மன் ஸ்டாக் என்றார். உள்பக்கம் கட்டர் போன தடத்தைப் பார்த்தாலே எந்த அவசரத்தில் ஓட்டிய வேலை என்று எனக்குத் தெரிகிறது.

ராத்திரியே கூப்பிட்டேன். முதலில் எடுத்து "நான் வெளியூர்ல இருக்கேன்ணே" என்றார். சிலிண்டர் தேதியைச் சொன்னதும் "சப்ளையர் தப்பா அனுப்பிட்டான் போல" என்றார். கீறலைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார், "அண்ணே, ரைஃபிளைக் குறை சொல்லாதீங்க, பாப்பாவுக்கு ட்ரிகர் கன்ட்ரோல் இல்ல, நான் வீடியோ பார்த்தேன்." என் வாயில் என்ன வந்தது என்று இங்கே எழுத முடியாது. இன்று காலை இரண்டு நீல டிக், பதில் இல்லை. என் மனைவி போனில் இருந்து கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். மதியம் நேரில் போனேன். அண்ணே இல்லை, இப்போது சார். "சார், வேலை செஞ்ச பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று வாசலில் நிற்க வைத்தே பேசினார். பழைய சிலிண்டரையாவது கொடு என்றேன். விற்றுவிட்டாராம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, எஸ்டிமேட் சீட்டு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். பில் இல்லாததுதான் இடிக்கிறது.

எதற்குச் செலவு செய்யலாம், எதற்குக் கூடாது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். நல்ல மேட்ச் பேரலை மாற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டாக் அளவு, ஜாக்கெட், பேரலுக்கு ஒத்துப்போகிற குண்டு, இவற்றுக்குச் செலவு செய்யுங்கள், மீதியைப் புது ரைஃபிளுக்குச் சேர்த்து வையுங்கள், சீட்டை முன்னால் எடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில் கைக்கு வராமல் பாக்கி அனுப்பாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், கொடுக்கும் முன் சீரியல் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோச் சொல்வதைக் கேளுங்கள். சிலிண்டரில் ஸ்டிக்கர் ஏதாவது ஒட்டியிருந்தால் இன்றைக்கே கிளப்பித் தேதியைப் பாருங்கள், பார்க்காமல் நாளைக்குக் காற்று நிரப்பாதீர்கள்.