ஸ்காலரா, ஸ்கோபஸா, வெப் ஆஃப் சயின்ஸா? ரோபாட்டிக்ஸ் ஆய்வாளரை எதை வைத்து எடைபோடுவது

சர்தார் படேல் சாலையின் ஒரு பக்கம் அண்ணா பல்கலைக்கழகம், மறுபக்கம் ஐஐடி மெட்ராஸ். இரண்டில் எதில் ரோபாட்டிக்ஸ் பிஎச்.டி. சேர நினைத்தாலும், கைடு தேடும் மாணவர் முதலில் செய்வது பேராசிரியரின் எச்-இண்டெக்ஸ் பார்ப்பதுதான். 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு அது. எச்-இண்டெக்ஸ் 20 என்றால், அவருடைய 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், மேற்கோள்களை எண்ணும் தளங்கள் மூன்று, ஒரே ஆளுக்கு கூகுள் ஸ்காலர் ஒரு எண் சொல்லும், ஸ்கோபஸ் அதைவிடக் குறைத்துச் சொல்லும், வெப் ஆஃப் சயின்ஸ் பெரும்பாலும் இன்னும் குறைக்கும்.

ரோபாட்டிக்ஸைப் பொறுத்தவரை என் ஓட்டு ஸ்காலருக்குத்தான். இந்தத் துறையில் நல்ல ஆய்வு முதலில் வெளிவருவது பெரும்பாலும் இக்ரா, ஐராஸ் போன்ற மாநாடுகளில், அதற்கும் முன்னால் ஆர்க்கைவ் என்ற முன்வரைவுத் தளத்தில். ரோபோக்களை இயக்க உதவும் ரோஸ் மென்பொருளை அறிமுகப்படுத்திய கட்டுரையையே பாருங்கள். 2009 இக்ராவை ஒட்டி நடந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் வந்தது. இன்று ரோபோ ஓட்டும் லேப்களில் ரோஸைத் தொடாதவை குறைவு. ஸ்காலரில் அதன் மேற்கோள்கள் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன. ஜர்னலை மட்டும் எண்ணினால் அந்தக் கட்டுரை கணக்கிலேயே வராது.

ஆனால் ஸ்காலர் எதையும் வடிகட்டாது. ஆய்வேடு, முன்வரைவு, ஊர் பேர் தெரியாத ஜர்னல் என்று எல்லாம் சேரும். தன்னைத் தானே மேற்கோள் காட்டிக்கொண்டதைக் கழிக்க ஒரு பட்டன்கூட இல்லை. அதே பெயருள்ள இன்னொருவரின் கட்டுரைகளும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அவற்றை நீக்குவது உரியவரின் பொறுப்பு, எல்லோரும் நீக்குவதில்லை.

எல்செவியரின் ஸ்கோபஸ் இதில் கறார். தேர்ந்தெடுத்த ஜர்னல்களும் மாநாட்டுத் தொகுப்புகளும்தான் உள்ளே வரும். சந்தா இருந்தால் சுயமேற்கோளைக் கழித்தும் பார்க்கலாம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசைக்கும் இங்கிருந்து எண்ணிக்கை எடுப்பதால் கல்லூரி நிர்வாகங்களுக்கு ஸ்கோபஸ் என்றால் தனி மரியாதை.

அது தடுமாறுவது நம் ஊர்ப் பெயர்களிடம். செந்தில்குமார் என்று ஒருவர் இருந்தால், ஒரு கட்டுரையில் ‘ஆர். செந்தில்குமார்’, அடுத்ததில் ‘செந்தில் குமார் ஆர்.’, மூன்றாவதில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி ‘எஸ். ராஜேந்திரன்’. ஒரே ஆள் மூன்று ப்ரொஃபைலாகச் சிதறுவார், எச்-இண்டெக்ஸும் மூன்றாகப் பிரியும். ஸ்கோபஸில் எண் சின்னதாக இருந்தால் ஆளைச் சந்தேகிப்பதற்கு முன் இன்னொரு ப்ரொஃபைல் இருக்கிறதா என்று தேடிவிடுங்கள். கட்டுரை எழுதுபவர்கள் ஆர்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண்ணை வாங்கி, கட்டுரை அனுப்பும்போதெல்லாம் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். அதற்குக் கட்டணமும் இல்லை.

வெப் ஆஃப் சயின்ஸின் வேர் 1964-இல் யூஜின் கார்ஃபீல்ட் வெளியிட்ட எஸ்.சி.ஐ. (சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்) என்ற மேற்கோள் அட்டவணை. மரியாதை அதிகம், ரோபாட்டிக்ஸ் ஆளுக்குப் பயன் குறைவு. மாநாடுகளுக்கு அங்கே தனி அட்டவணை. கல்லூரி அதற்கும் சேர்த்துச் சந்தா கட்டியிருந்தால்தான் கண்ணில் படும். படிவத்தில் ‘எஸ்.சி.ஐ. ஜர்னல் எத்தனை’ என்று கேட்டால் போய்ப் பார்த்தால் போதும்.

ஆக, வேலைக்கு விண்ணப்பிப்பவர் ஸ்கோபஸைச் சரிசெய்து வைத்துக்கொள்ளட்டும். கைடு தேடும் மாணவருக்கு ஸ்காலர் போதும். அதிலும் மொத்த எண்ணை விட்டுவிட்டு, பட்டியலை ஆண்டுவாரியாக மாற்றிக் கடைசி நான்கைந்து ஆண்டுகளைப் பாருங்கள். ரோபாட்டிக்ஸில் லேப் தலைவரின் பெயர் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். முதல் பெயர் வேலையைச் செய்த மாணவருடையது. அந்த முதல் பெயர்களை அவருடைய லேப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அத்தனை வருடத்தில் அவருடைய மாணவர் ஒருவர்கூட முதல் ஆசிரியராக வரவில்லை என்றால், எச்-இண்டெக்ஸ் 40 இருந்தாலும் நான் வேறு கைடைத் தேடுவேன்.