திருப்பாப்புலியூரில் மூன்று மாதக் குடித்தனம்

அப்பா போன பிறகு கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டை விற்றுவிட்டோம். அதிலிருந்து சொந்த ஊருக்கு நான் விருந்தாளிதான். ஒரு தடவை சித்தி வீடு, இன்னொரு தடவை புதுச்சேரி ஒயிட் டவுன் பக்கம் விடுதி. அந்த விடுதிக்குப் பத்து நாளுக்குக் கொடுத்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அதனால் இந்த வருஷம் தை பிறந்ததும் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி, கடலூரிலேயே வீடு பிடித்து, பங்குனி முடிய இருந்துவிட்டு வந்தேன். இப்படி இருந்து பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கடலூரில் வீடு பார்க்கும்போது, வாடகையைப் பேசுவதற்கு முன்னால் வெள்ளத்தைப் பற்றி விசாரியுங்கள். கெடிலமும் தென்பெண்ணையும் இங்கேதான் கடலில் சேர்கின்றன. 2015 நவம்பர் மழையையும், 2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்ததையும் ஊர் மறக்கவில்லை. தரகர் காட்டிய முதல் வீடு தரைத்தளம். பளிச்சென்று புதுப் பெயின்ட். பார்த்துவிட்டு வெளியே வந்தபோது எதிர் வீட்டு ஆயா கையசைத்துக் கூப்பிட்டார். தன் திண்ணைத் தூணில் இடுப்பு உயரத்துக்கு ஓடிய பழுப்புக் கோட்டைத் தடவிக் காட்டி, "இதுவரைக்கும் வந்துச்சும்மா. உனக்குக் காட்டுன வீடு எங்க வீட்டைவிடப் பள்ளம்" என்றார். அதைத் தரகர் சொல்லவே இல்லை.

அப்புறம் அமைந்தது திருப்பாப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலுக்குப் பின்னால், இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீடு. ஒரு அறை, கூடம், சமையலறை, வாடகை 8,500. முன்பணமாகப் பத்து மாத வாடகை வேண்டும் என்றார் தரகர். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைதான் முன்பணம். வீட்டுக்கார அக்காவிடம் இதைப் பக்குவமாகச் சொன்னேன். "மூணு மாசத்துக்குத்தான இருக்கப்போற, அது போதும்" என்று சரி சொல்லிவிட்டார். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுக்கொண்டோம். மின்சார மீட்டர் தனியா என்றும் கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக் கணக்கில்தான். துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வீடுகளில் அந்தச் சலுகை நம் கைக்கு வராது. எனக்கு அமைந்தது தனி மீட்டர்.

கேஸ் இணைப்புக்கு அலைய வேண்டாம். 5 கிலோ சிலிண்டர், இண்டேனில் சோட்டு என்கிறார்கள், அடையாள அட்டை காட்டினால் போதும், முகவரிச் சான்று கேட்பதில்லை. சிங்கப்பூர் போன் எண்ணோடு இணைந்த என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்தே (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியாவில் வைத்துக்கொள்ளும் வங்கிக் கணக்கு) யு.பி.ஐ. வேலை செய்கிறது. ஆனால் அந்தக் கணக்கின் கே.ஒய்.சி.யை, அதாவது அடையாள, முகவரி விவரங்களைப் புதுப்பிக்க ஒரு வங்கிக் கிளைக்கு நான்கு முறை நடந்தேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு நகல் கேட்டார்கள். வயதானவர்கள் யாராவது அந்த வெயிலில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கோபம்தான் வந்தது.

இனி தெரு. காலை ஆறு மணிக்குப் பால், ஏழுக்குக் கீரை, எட்டரைக்குத் தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் கூடை. முனையில் கரிப்பெட்டி வைத்த இஸ்திரி வண்டி. போர் தண்ணீர் உப்பு, குடிக்க மட்டும் கேன். மீன்கார அம்மா முதல் வாரம் சங்கரா ஒரு கூறு 150 என்றார். நான் பேரம் பேசவில்லை. அன்றே வீட்டுக்கார அக்கா மாடிப்படியில் நின்று, "இன்னாம்மா, நம்ம குப்புசாமி தெருவுல வளர்ந்த பொண்ணுகிட்டயா இந்த விலை?" என்று குரல் கொடுத்தார். மறுநாள் கூறு 100. மூன்றாவது வாரத்திலிருந்து கூடவே ஒரு கை நெத்திலி கொசுறு. மீனை அங்கேயே படியில் உட்கார்ந்து, சாம்பல் தொட்டு அருவாமனையில் ஆய்ந்து கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். எந்தச் செயலியில் வாங்கினாலும் இது கிடைக்காது. இந்தத் தெருவில் எதன் விலையும் நாம் யார் என்று தெரிந்த பிறகுதான் நிலைக்கு வருகிறது. ஒரு வாரத்துக்கு வந்து போகிறவர்களுக்கு ஊர் ஏன் செலவு வைக்கிறது என்று அப்போது புரிந்தது.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் மஞ்சக்குப்பம், சில்வர் பீச் எல்லாம் காசில்லாமல் போய் வந்தேன். சித்திக்குக் கண் பார்க்கப் புதுச்சேரி பஸ் ஏறினோம். அதற்கு டிக்கெட் உண்டு. முள்ளோடை தாண்டி, தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை. நகருக்குள் போக வேண்டியதே இல்லை. காலை எட்டுக்குப் போய், சொட்டு மருந்து விட்டு, சோதனை எல்லாம் முடித்து மதியத்துக்குள் வெளியே வந்துவிட்டோம். ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது ஒரு பெண் கையைப் பிடித்து, "பாட்டி, படி இருக்கு" என்று சொல்லி அழைத்துப் போனார். சித்தி இன்னமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வாடகை, சாப்பாடு, கரண்ட், கேஸ், போக்குவரத்து எல்லாம் சேர்த்து மாதம் 24,000 ரூபாயைத் தாண்டவில்லை. சிங்கப்பூரில் ஒற்றை அறை வாடகையில் பாதிகூட இல்லை.

கிளம்பும் நாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி அக்கா வீட்டுப் பரணில் ஏற்றினோம். மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், தை பிறந்ததும் ஒரே நேரத்தில் மாறுவார்கள், நல்ல வீடு இரண்டு நாள்கூடத் தங்காது என்றார் அக்கா. "மார்கழி கடைசியில போன் பண்ணும்மா. நம்ம மாடி இல்லன்னாலும் இதே தெருவுல பாத்து வைக்கிறேன்."