கோத்தகிரிக் குளிருக்குத் தரைக்கடியில் ஹீட்டரா, சுவரில் ஏசியா?

திருப்பூரிலும் ஈரோட்டிலும் ஹீட்டர் என்றால் குளியலறையில் தொங்கும் கெய்சர்தான். அந்த ஊர்க்காரர் நீலகிரி மலையில் கோத்தகிரிப் பக்கம் ஒற்றை அறையும் சமையல்கட்டுமாகச் சின்ன வீடு ஒன்று கட்டியதும் கதை மாறிவிடுகிறது. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். தொட்டபெட்டா சிகரம் தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துக்கொள்வதால் அங்கே ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. சுவரும் தரையும் ஈரம் குடித்து முடிக்கும்போது மார்கழி வந்துவிடும். இரவில் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், சில இரவுகளில் அதற்கும் கீழே போகும். டைல்ஸ் தரையில் கால் வைக்க முடியாது.

எங்கள் வீட்டில் போட்டது டைல்ஸுக்கு அடியில் விரிக்கும் மின்சார ஹீட்டிங் மேட், அதாவது சூடாகும் கம்பியைக் கோத்த வலை. மச்சான் ஊட்டி வீட்டில், குளிர்விக்கவும் சூடாக்கவும் செய்கிற ஹாட் அண்ட் கோல்டு இன்வெர்ட்டர் ஏசி மாட்டியிருக்கிறார். ஆயில் ஹீட்டர் ஒன்று எங்களிடம் முன்பே இருந்தது, இப்போதும் மூலையில் நிற்கிறது. நான் தரை ஹீட்டர் கட்சி. அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

போட்டியிலேயே இல்லாதவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். விறகு அடுப்புக்குப் புகைபோக்கி வேண்டும், காய்ந்த விறகு வேண்டும். அந்த ஈரத்தில் இரண்டும் பாடு. கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வது தற்கொலைக்குச் சமம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே முடித்துவிடும். மலைக்குச் சுற்றுலா வந்தவர்கள் இப்படி இறந்த செய்தி குளிர்காலத்தில் வரத்தான் செய்கிறது. தரைக்கடியில் குழாய் பதித்துச் சுடுதண்ணீர் ஓட்டும் முறை பெரிய பங்களாவுக்குச் சரி. பம்பு, கொதிகலன், வால்வு என்று எங்கள் 140 சதுர அடி அறைக்கு அத்தனை சாமான் தேவையில்லை.

மிச்சம் மூன்று. கரண்ட் செலவில் ஜெயிப்பது ஏசிதான், அதில் வாதமே கிடையாது. ஹீட்டிங் மேட்டும் ஆயில் ஹீட்டரும் ஒரு யூனிட் மின்சாரத்தை ஒரு யூனிட் சூடாக மாற்றுகின்றன, அதற்கு மேல் ஒன்றும் வராது. ஏசி வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வருவதால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு தரும். "எங்கள் மேட் தனி ரகம், கரண்ட் கம்மியாகத்தான் இழுக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எங்கள் கணக்கு இது. அறை பத்துக்குப் பதினாலு அடி, சுமார் 13 சதுர மீட்டர். கட்டிலும் பீரோவும் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு 7 சதுர மீட்டருக்கு மேட். சதுர மீட்டருக்கு 150 வாட் என்றால் மொத்தம் 1,050 வாட். இரவில் விட்டுவிட்டு ஓடியதைக் கூட்டினால் ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம், 6.3 யூனிட். அதே சூட்டை ஏசி இரண்டு சொச்சம் யூனிட்டில் கொடுத்துவிடும். வருஷம் முழுக்க அங்கேயே குடியிருப்பவருக்கு இது பெரிய பணம். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் கட்டணமும் சேர்ந்து ஏறிவிடும். சனி, ஞாயிறு மட்டும் மேலே போகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் ஒரு நேரத்து ஓட்டல் சாப்பாட்டுக் காசுக்குள் அடங்கிவிடும்.

ஏசிக்குச் சாதகமாக இன்னொன்றும் உண்டு. மலையில் வோல்டேஜ் இறங்கும். மேட்டோ ஆயில் ஹீட்டரோ, உள்ளே இருப்பது வெறும் சூடாகும் கம்பிதான். வோல்டேஜ் குறைந்தால் சூடு அதன் வர்க்கத்தில் குறையும். 230 வோல்ட்டில் 1,050 வாட் தருகிற மேட், 200 வோல்ட்டில் 800 வாட்டுக்கு வந்துவிடும், 180 என்றால் 640தான். நல்ல இன்வெர்ட்டர் ஏசி இந்த இறக்கத்தையெல்லாம் ஓரளவு சமாளித்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு ஏன் ஏசி வேண்டாம் என்றேன்? பூட்டிக் கிடக்கும் வீடு என்பதால்.

மலைவீட்டைப் பற்றி யோசிக்கும்போது குளிரைத்தான் எல்லோரும் கணக்கில் எடுக்கிறார்கள், பூட்டை எடுப்பதில்லை. வாரக்கணக்கில் யாரும் இல்லாத வீட்டில் வெளியே ஒரு யூனிட் மழையிலும் மஞ்சிலும் நிற்கிறது. அதற்குள் ஃபேன் இருக்கிறது, கம்ப்ரசர் இருக்கிறது, சர்க்யூட் போர்டு இருக்கிறது, வெதுவெதுப்பான இடம் தேடும் எலியும் இருக்கிறது. மச்சான் வீட்டில் வெளி யூனிட்டின் ஒயரை எலி கடித்துவிட்டது. மேலே இருந்த மெக்கானிக்குகள் சீசன் வேலையில் இருந்தார்கள். மேட்டுப்பாளையத்தில் இருந்து வரச் சொன்னால் கொண்டை ஊசி வளைவுக்கெல்லாம் சேர்த்து வண்டி வாடகை கேட்கிறார்கள். ஆள் ஏறி வந்து, போர்டு மாற்ற வேண்டும் என்று சொல்லி, மறுபடி இறங்கி, போர்டு வந்து சேர்வதற்குள் குளிர்காலமே முடிந்துவிட்டது. அதற்கு அப்புறம் ஃபில்டர், கேஸ், வருஷாந்திர சர்வீஸ் எல்லாம் இருக்கின்றன. வீடு சமவெளியில் இருந்தால் இது ஒரு போன் காலில் முடியும் வேலை. மலையில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் ஏற வேண்டும்.

மேட்டில் அசையும் பாகம் கிடையாது. தண்ணீர் இல்லை, கேஸ் இல்லை, சத்தமும் இல்லை. வெளியே கெடக்கூடியது சுவரில் உள்ள தெர்மோஸ்டாட் என்கிற சூட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றுதான், அதை எந்த எலக்ட்ரீசியனும் கழற்றி மாற்றிவிடுவார். கம்பி பதித்த பிறகு பராமரிப்பு என்று ஒன்றுமே இல்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு: கம்பி உள்ளேயே கெட்டுப்போனால் டைல்ஸைப் பெயர்க்காமல் வழியில்லை. ஆகவே பராமரிப்பு முழுவதையும் பதிக்கிற அன்றைக்கே செய்து முடித்துவிட வேண்டும். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேட்டின் பெட்டியில் அதன் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) அச்சிட்டிருக்கும். 1,050 வாட் மேட்டுக்குச் சுமார் 50 ஓம் வரும். பெட்டியைப் பிரித்ததும் மல்டிமீட்டர் வைத்து ஒரு தடவை, விரித்து ஒட்டியதும் ஒரு தடவை, டைல்ஸ் போட்ட பிறகு ஒரு தடவை அளந்து, மூன்றையும் எழுதி வையுங்கள். மெக்கர் என்கிற கருவியை வைத்து, கம்பியின் உறையில் கரண்ட் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எண் மாறினால் அன்றைக்கே கண்டுபிடித்து எடுத்துவிடலாம், மறுநாள் டைல்ஸோடுதான் எடுக்க வேண்டும். மேட்டின் வலையை வெட்டித் திருப்பலாம், கம்பியை ஒரு விரற்கடை கூட வெட்டக் கூடாது. கம்பிமேல் கம்பி ஏறக் கூடாது. தரைச் சூட்டைப் பார்க்கும் சென்சாரை நேரடியாகக் கலவைக்குள் புதைக்காமல் ஒரு குழாய்க்குள் விட்டால் பின்னால் உருவி மாற்ற முடியும். விரித்த மேட்டை அளவு நாடாவோடு சேர்த்துப் போட்டோ எடுத்து வையுங்கள். அலமாரிக்குத் தரையில் துளை போட வருகிறவருக்கு அதைக் காட்டினால் போதும்.

எங்கள் டைல்ஸ் மேஸ்திரி மேட்டைப் பார்த்ததும், "ஏனுங்க, கரண்டை உள்ள வெச்சு மேல டைல்ஸ் ஒட்டறதுங்களா? நாளைக்கு என்னைக் குத்தஞ் சொல்லக் கூடாதுங்க" என்றார். நியாயம்தான். நம் பக்கத்துப் பழக்கம் இரண்டு அங்குலக் கலவை கொட்டி, சிமெண்ட் பால் ஊற்றி டைல்ஸைத் தட்டி உட்கார வைப்பது. மேட்டுக்கு அது ஆகாது. கலவை கனமாக இருந்தால் சூடு மேலே வர நேரமாகும். அடியில் காற்றுப் பொத்தல் விழுந்தால் அந்த இடத்தில் சூடு வெளியேற வழியில்லாமல் கம்பி கருகும். வளைந்துகொடுக்கும் ரக டைல்ஸ் பசைதான் வேண்டும், அதையும் கம்பி முழுக்க மூடும்படி தேய்க்க வேண்டும். இரும்புப் பல் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக் கரண்டி கொடுங்கள். மேட்டின் மேல் நடக்கும் இடத்தில் அட்டையை விரியுங்கள். பசை முழுதாகக் காயும்வரை ஸ்விட்சைப் போடாதீர்கள். சூடு வருகிறதா என்று பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எங்கள் அம்மாயிக்கே வந்தது.

மேட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். வெறும் கான்கிரீட்டின் மேல் விரித்தால் பாதிச் சூடு மண்ணுக்குப் போகும். சனிக்கிழமை சாயங்காலம் போட்டால் நடுராத்திரிக்குத்தான் தெரியும். எக்ஸ்.பி.எஸ் எனப்படும் கெட்டியான நுரைப் பலகையை முதலில் ஒட்டி, அதன் மேல் மேட் விரித்தால் ஒரு மணி நேரத்துக்குள் காலுக்குச் சூடு வந்துவிடும். பலகையை மிச்சம் பிடித்து மேட்டில் செலவழிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

பாதுகாப்புக்கு கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி ஸ்விட்ச் கட்டாயம், உருப்படியான எர்த்தும் கட்டாயம். தனி லைன், லோடு மிஞ்சினால் தானே அணையும் தனி எம்.சி.பி ஸ்விட்ச். ஏற்கெனவே கெய்சர் இருக்கிற வீட்டில், ஈ.பி.யில் வாங்கியிருக்கும் லோடு இதையும் தாங்குமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

தரை எவ்வளவு சூடாகும் என்று கேட்பவர்களுக்கு: 27, 28 டிகிரி. சாயங்காலம் வெயில் இறங்கிய களத்தில் வெறுங்காலோடு நடந்தால் இருக்குமே, அந்த வெதுவெதுப்பு. 29க்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பொதுவான வரம்பு. அறையைவிடத் தரை ஒரு டிகிரி கூடுதலாக இருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 11 வாட் மேலே வரும். அறை 19, தரை 28 என்றால் எங்கள் 7 சதுர மீட்டரில் இருந்து 700 வாட் போல. ஓடுக்குக் கீழே சீலிங் இல்லாத வீட்டில், ஜன்னல் சந்து வழியாகக் காற்றும் வந்தால், இந்த 700 வாட் எந்த மூலைக்கும் காணாது. எங்களுக்குச் சீலிங் இருப்பதால் சமாளிக்கிறது. கடும் குளிர் ராத்திரியில் ஆயில் ஹீட்டரையும் அரை மணி நேரம் போட்டு அறையைத் தூக்கிவிட்டுக்கொள்வோம்.

நம் வீடுகளில் வரும் சிக்கல் ஒன்று உண்டு. சொந்தக்காரர்கள் வந்தால் தரையில்தான் வரிசையாகப் படுக்கை விரிப்போம். மேட் ஓடும்போது அதன் மேல் கனமான மெத்தை போட்டால் சூடு அடியில் சிக்கிக்கொள்ளும். சென்சார் வேறு இடத்தில் இருப்பதால் தெர்மோஸ்டாட்டுக்கு அது தெரியாது. அதனால் படுக்கும் முன் தரையைச் சூடாக்கிவிட்டு, மெத்தை விரிக்கும்போது நிறுத்திவிடுவது வழக்கம். கோரைப்பாயும் ஜமுக்காளமும் பரவாயில்லை, இலவம்பஞ்சு மெத்தைதான் ஆகாது. விருந்தாளிகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது மேட் பதிப்பதைவிடச் சிரமம்.

ஏசி மேலே இருந்து சூடான காற்றை ஊதும், அது மேலேயே தங்கும். மச்சான் வீட்டில் தலை வேர்க்கும், கால் சில்லென்றிருக்கும். அம்மாயி அங்கே தங்கினால் இரண்டு சாக்ஸ் போடுகிறார், எங்கள் வீட்டில் வெறுங்காலோடு நடக்கிறார். மூட்டு வலிக்காரருக்கு அது ஒரு காரணம்தான், ஆனால் அதற்காக மட்டும் நான் மேட் வாங்கியிருக்க மாட்டேன்.

கம்பி எத்தனை வருஷம் உழைக்கும்? தயாரிப்பாளர்கள் பத்து வருஷம், அதற்கு மேலும் வாரண்டி தருகிறார்கள். எங்களுடையது இன்னும் இளசு. உள்ளே அறுந்தால், கோளாறு இருக்கும் இடத்தைக் கருவி வைத்துக் கண்டுபிடித்து ஒரே ஒரு டைல்ஸைப் பெயர்த்து ஒட்டுப்போடலாம் என்கிறார்கள். எனக்கு அந்த வேலை வந்ததில்லை, அதனால் அதை நம்பி வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். பெட்டி நிறைய உபரி டைல்ஸ் மட்டும் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கட்டி முடித்த வீட்டில், நல்ல டைல்ஸை உடைத்து மேட் போட வேண்டாம். வாடகை வீட்டுக்கும் ஆயில் ஹீட்டரே போதும். 2,000 வாட், சக்கரம் வைத்தது, கெட்டால் காரில் போட்டுக் கோயமுத்தூருக்குக் கொண்டுவந்துவிடலாம். உள்ளே இருக்கும் எண்ணெய் தீராது, ஊற்றவும் வேண்டாம். வால்பாறையில் இந்தச் செலவே அநாவசியம், கம்பளி போதும். ஏற்காட்டில் குளிர் கடிக்கும் வாரங்கள் கொஞ்சம்தான், அதற்கும் ஆயில் ஹீட்டர்தான். ஊட்டியில் குடியிருப்பவர், பக்கத்துத் தெருவிலேயே மெக்கானிக் இருக்கிறவர், ஏசி வாங்கட்டும். கடையில் ஹாட் அண்ட் கோல்டு என்று அழுத்திக் கேளுங்கள், கீழே விற்பதில் பெரும்பாலானவை குளிர்விக்க மட்டும்தான் செய்யும்.