மாவு மில்லில் மூன்று வகை ஃபியூஸ்: பல வருட அனுபவம்

எங்கள் மில்லில் ஓடுவது 10 எச்.பி. மோட்டார். கம்பி கட்டும் பீங்கான் ஃபியூஸ் கட்டை, எச்.ஆர்.சி. (மணல் நிரப்பி மூடிய ஃபியூஸ்), எம்.சி.பி. (தானே விழும் சுவிட்ச்) என்று மூன்றையும் வருடக்கணக்கில் வைத்துப் பார்த்தாகிவிட்டது. எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதைக் காப்பாற்ற? ஃபியூஸ் காப்பது ஒயரை. மோட்டாரை அல்ல, ஆளையும் அல்ல.

பீங்கான் கட்டையில் எனக்கு இன்றும் பிடித்த விஷயம், என்ன நடந்தது என்று அதுவே சொல்லிவிடும். கம்பி நடுவில் அமைதியாக அறுந்திருந்தால் லோடு கூடியிருக்கிறது. கட்டை முழுக்கக் கரி அப்பி, செம்பு குட்டிக் குட்டி மணியாகத் தெறித்து ஒட்டியிருந்தால் ஷார்ட். ஆனால் அதில் கம்பி கட்டுவது யார் என்பதுதான் பிரச்சினை. 5 ஆம்பியருக்கு 0.2 மி.மீ., 15 ஆம்பியருக்கு 0.5 மி.மீ. என்று ஈயம் பூசிய செம்புக் கம்பிக்குக் கணக்கு இருக்கிறது. அந்தச் சரியான கம்பியே அதன் அளவைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கரண்ட் போனால்தான் உருகும். அதிலும் தடிமனை இரட்டிப்பாக்கினால் உருகும் கரண்ட் ஏறக்குறைய 2.8 மடங்காகிவிடும். அவசரத்துக்குக் கையில் கிடைத்த ஒயரை முறுக்கிக் கட்டிய கட்டையில் ஃபியூஸ் என்று எதுவும் இல்லை. மில் அதிர்வில் ஸ்க்ரூ வேறு தளர்ந்துகொண்டே இருக்கும்.

எச்.ஆர்.சி. வந்த பிறகு அந்தத் தொல்லை போனது. உள்ளே குவார்ட்ஸ் மணல். ஷார்ட் ஆனதும் எலிமென்ட் உருகி, எழும் தீப்பொறியின் சூட்டில் மணலும் உருகிக் கண்ணாடியாக இறுகி, பொறியை அணைத்துவிடுகிறது. பல எச்.ஆர்.சி. ஃபியூஸ்கள் 80 கிலோ ஆம்பியர் வரையிலான ஷார்ட் கரண்டை அறுக்கும், வீட்டு எம்.சி.பி.யில் பெரும்பாலும் 6 அல்லது 10 கிலோ ஆம்பியர்தான். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஷார்ட் ஆனால் கரண்ட் மிக அதிகமாகப் பாயும் என்பதால், அதன் பக்கத்திலேயே இருக்கும் எங்களுக்கு இது பெரிய விஷயம். குறை என்றால், வெளியே பார்த்து எது போனது என்று தெரியாது. மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, மோட்டாருக்கு ஏன் இது போதாது? எங்கள் மோட்டார் முழு லோடில் 14 ஆம்பியர் சுமாருக்கு இழுக்கும். ஸ்டார்ட் ஆகும்போது அதைவிடப் பல மடங்கு. ஸ்டார்-டெல்டா (முதலில் குறைந்த வோல்டேஜில் கிளப்பி, பிறகு முழு வோல்டேஜுக்கு மாற்றும் ஸ்டார்ட்டர்) போட்டுத்தான் குறைக்கிறோம். அந்த இழுப்பைத் தாங்க 32 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருக்கிறது. அப்படியானால் மோட்டார் 20 ஆம்பியர் இழுத்துச் சுட்டுக்கொண்டிருந்தாலும் ஃபியூஸ் அசையாது. அதைக் கவனிக்க வேண்டியது, கரண்ட் அளவு மீறி நீடித்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே.

அதைவிட மோசம், மூன்று ஃபேஸுக்கும் உள்ள மூன்று ஃபியூஸில் ஒன்று மட்டும் போவது. ஒரு கோடையில் அப்படி ஆனது. மோட்டார் நிற்கவில்லை, மிச்ச இரண்டு ஃபேஸில் உறுமிக்கொண்டே ஓடியது. பழைய ரிலே ட்ரிப் ஆகவில்லை. வார்னிஷ் கருகும் வாடை வந்து நிறுத்துவதற்குள் காயில் போய்விட்டது. ரீவைண்டிங் செலவு ஃபியூஸ் விலையை நினைத்துச் சிரிக்க வைத்தது. அப்புறம்தான், ஒரு ஃபேஸ் போனாலே மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டர் மாட்டினோம். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: வோல்டேஜ் மட்டும் பார்க்கும் வகையை ஃபியூஸுக்கு முன்னால் இணைத்தால் ஃபியூஸ் போனதே அதற்குத் தெரியாது. மூன்று ஒயரிலும் ஓடும் கரண்டைப் பார்க்கும் வகையாக வாங்குவது நல்லது.

வீட்டுக்கு எம்.சி.பி. தாராளமாகப் போதும். லோடு கூடினால் உள்ளே இருக்கும் இரட்டை உலோகப் பட்டை சூடாகி வளைந்து விடுவிக்கும், ஷார்ட் என்றால் காந்தச் சுருள் இழுத்துவிடும். லைட்டுக்கு பி வகை, ஏ.சி., கிரைண்டருக்கு ஸ்டார்ட் இழுப்பைத் தாங்கும் சி வகை. ஆனால் ஈரக் கையோடு ஹீட்டரைத் தொட்டவரை எம்.சி.பி. காப்பாற்றாது. உயிரைக் குடிக்கும் கசிவு மில்லி ஆம்பியர் கணக்கு. அதற்கு, கசிவைக் கண்டதும் கரண்டை அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும், மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறேன்.

மில்லில் இப்போது ஒரு ஃபியூஸ் போனால் மூன்றையுமே மாற்றிவிடுகிறோம். அதே ஷார்ட்டில் மற்ற இரண்டும் பாதி வெந்திருக்கலாம். ராத்திரியில் கடை இருக்காது என்பதால் ஒரு செட் எப்போதும் கல்லாவில் கிடக்கும்.