இலவச மேகமா, மூன்று ஊரும் பகிரும் ஒரு கணினியா?

கிளிநொச்சியில் எங்கள் சனசமூக நிலையத்தில், உயர்தரம் எழுதிய பிள்ளைகளுக்குச் செயற்கை நுண்ணறிவும் குவாண்டம் கணிமையும் பழக்கத் தொடங்கியபோது இரண்டு வழிகள் இருந்தன. கூகுள் கோலாப் போன்ற இலவச மேகச் சேவையை, அதாவது இணையவழி வேறொருவரின் கணினியில் நம் நிரலை ஓட்டுவதை, மட்டும் நம்புவது ஒன்று. மாங்குளம், புதுக்குடியிருப்புப் பயிற்சி வகுப்புகளோடு காசு சேர்த்து, பாவித்த ஜிபியு (பல கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் வரைவியல் செயலி) பூட்டிய ஒரு கணினியை வாங்கிப் பகிர்வது மற்றது. நாங்கள் வாங்கினோம். 14 மாதங்களாகிவிட்டன.

மேகத்தின் வசதி தெரிந்ததுதான்: முதலீடு வேண்டாம், உலாவி போதும். ஆனால் கோலாப் இலவச அமர்வு கூடியது 12 மணித்தியாலம். சும்மா விட்டால் முன்பே அறுந்துவிடும், வேறிடத்தில் சேமிக்காத கோப்புகளும் அதோடு போய்விடும்.

குவாண்டத்தில் போட்டியே இல்லை. குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு கியூபிட். மீக்கடத்தியால் ஆன கியூபிட்டுகளுக்கு முழுப் பூச்சியத்தை (−273 பாகை செல்சியசு) அண்டிய குளிர் வேண்டும். அது நாம் வாங்கக்கூடிய பொருளல்ல. 2016இல் ஐபிஎம் தன் குவாண்டம் கணினியை இணையவழி திறந்துவிட்டதால்தான் நம் பிள்ளைகள் அதைத் தொடமுடிகிறது. இலவச நேரமோ மாதத்துக்குச் சில நிமிடங்கள். ஆகவே கியூபிட்டுகளை எங்கள் கணினியிலேயே போலச்செய்து, நிரலை அங்கேதான் பிழையறத் திருத்துகிறோம். அப்படிச் செய்யும்போது ஒரு கியூபிட் கூடினால் நினைவகத் தேவை இரட்டிக்கும்: 28 கியூபிட்டுக்கு 4 ஜிபி, 30க்கு 16 ஜிபி. எங்களிடம் இருப்பது 32 ஜிபி. ஒரு பிள்ளை 31 கியூபிட் கேட்டாள். நினைவகம் போதாதென்று நின்றுவிட்டது. ஏனென்று கரும்பலகையில் அவளே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தாள்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. கணினி வாங்கவேண்டாம் என்றவர்கள் எல்லாரும் சொன்ன காரணமும் அதுவே. எனக்கு அதுதான் பாடமாகத் தெரிந்தது. மேகத்தில் இயந்திரத்தை யாரோ எங்கோ பார்த்துக்கொள்கிறார்கள். அந்த வேலை இங்கே யாருக்கும் பழகுவதில்லை. சென்ற சோளகத்தில் (தென்மேல் காற்றுக் காலம்) ஜிபியு 91 பாகைக்கு ஏறியது. மாங்குளத்துப் பையன் பெட்டியைத் திறந்தான். மின்விசிறி இதழ்களில் செம்புழுதி பஞ்சுபோலப் படிந்திருந்தது. வர்ணத் தூரிகையால் தட்டித் துடைத்துப் பூட்டிவிட்டு, “அண்ணா, 74” என்றான். இன்னொரு முறை ஒருவர் ஓட்டிய செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி நிரல் மற்ற இரண்டு ஊரையும் நிறுத்திவிட, மூன்று ஊர்ப் பிள்ளைகளும் இருந்து பேசி லினக்ஸ் இயங்குதளத்தில் ஆளுக்கொரு பயனர் கணக்கும் நேர அட்டவணையும் அமைத்தார்கள். காப்புப்படி எடுப்பது, இடி முழங்கினால் இணைப்பைக் கழற்றுவது, யுபிஎஸ் மின்கலத்தைச் சோதிப்பது எல்லாம் முறைவைத்து நடக்கிறது. எந்த ஆய்வுகூடத்திலும் விஞ்ஞானியின் கணக்கு ஓடுவது இப்படிப்பட்ட கைகளால்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அறிவியல்நகர்ப் பொறியியல் பீடமும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா வளாகமும் அருகிலிருக்கும் வன்னியில் அந்தக் கைகள் இங்கிருந்தே வரவேண்டும் என்பது என் ஆசை.

பாவித்த ஜிபியு எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்ல ஒரு சோளகத்தின் அனுபவம் போதாது. அதனால் மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்குகிறோம். பெட்டியைத் திறக்கத் துணியும் ஒருவர்கூட இல்லாத ஊருக்கு மேகமே நல்லது.

அடுத்த சோளகம் தொடங்கிவிட்டது. இம்முறை தூரிகை புதுக்குடியிருப்புப் பிள்ளைகளின் கையில்.